அந்த ஃபைலை நானே திருப்பி அனுப்பியிருப்பேன்

"அக்கா, ஒளிக்காமல் சொல்லுங்க. எனக்கு எத்தனை வீதம் சான்ஸ் இருக்கு?"

தோஹாவில் வேலை செய்கிற கல்முனைத் தம்பி ஒருவன் போன மாதம் அனுப்பிய குரல்செய்தி. வயது 37. பட்டம் இருக்கிறது, சீமா என்ற கணக்கியல் தகைமை இருக்கிறது, முதலீட்டுத் துறைக்கான சி.எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டாம் நிலை வரை போயிருக்கிறான். நிதித்துறையில் 13 வருடம். உலகப் பெயர் எடுத்த வணிகப் பள்ளி ஒன்றில் எம்.பி.ஏ. செய்தே ஆகவேண்டும் என்று இப்போது ஒரு பிடி.

இதே கேள்வியை 2021இல் நானும் நாலு பேரிடம் கேட்டுத் திரிந்தேன். ஒருவர் பாதிக்குப் பாதி என்றார். இன்னொருவர், "உங்களுக்கு இல்லாமல் வேற யாருக்கு?" என்றார். கொழும்பில் காசு வாங்கி ஆலோசனை சொல்கிற ஒருவர் 70 வீதம் என்று தாளில் எழுதியே தந்தார். நாலாவது ஆள் என் பழைய கிளை முகாமையாளர். அவர் மட்டும், "முதல்ல வீட்டில கேட்டாச்சா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நாலு பேரில் அவர் கேட்டதுதான் பின்னால் உதவியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கல்லடிக்காரி. ஏ.எல். வர்த்தகப் பிரிவு, தமிழ் மொழிமூலம். பிறகு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். வேலைக்குப் போன பிறகு இரவிரவாக முழித்துச் சீமா. மட்டக்களப்பில் ஒரு வங்கிக் கிளையில் ஐந்து வருடம் கடன் பிரிவு. மறுகா கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில் கடன் மதிப்பீடு. அடுத்தவர் ஃபைலைப் புரட்டி, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. அப்படிப்பட்டவள் என் சொந்த ஃபைலை மட்டும் கடன் கேட்டு வந்த ஆளின் கண்ணால் பார்த்தேன்.

2021 செப்டெம்பரில் நாலு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். அமெரிக்காவில் இரண்டு வருடப் படிப்பு இரண்டு, ஐரோப்பாவில் ஒரு வருடப் படிப்பு இரண்டு. அப்போது எனக்கு 33 வயது. ஜிமேட் நுழைவுப் பரீட்சையில் 640. மூன்று இடங்கள் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. நாலாவது கூப்பிட்டு, அரை மணித்தியாலம் இனிமையாகப் பேசி, பத்து நாளில் இல்லை என்றது. அந்த மின்னஞ்சல் வரும்போது உதயதேவியில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். மன்னம்பிட்டிப் பக்கம் சிக்னல் போவதும் வருவதுமாக இருக்கும். தலைப்பு மட்டும் இறங்கியது, உள்ளே இருந்தது இறங்கவில்லை. வாழைச்சேனை வந்த பிறகுதான் முழுதாக வாசித்தேன். வாசிக்காமலே தெரிந்த விசயம்தான். நல்ல செய்திக்கு அவ்வளவு மரியாதையான தலைப்பு வைக்கமாட்டார்கள்.

பள்ளிகளின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் மேல் பிழையும் இல்லை. அந்த ஃபைல் என் மேசைக்கு வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அது எனக்கு விளங்க மூன்று மாதம் எடுத்தது.

2022 மார்ச். நாடே இருட்டில் கிடந்த காலம். ஒரு நாள் இரவு கரண்ட் இல்லாத நேரம், போன் வெளிச்சத்தில் ஒரு கொப்பியை விரித்து, எங்கள் வங்கியில் கடன் முன்மொழிவு எழுதுகிற அதே ஒழுங்கில் என்னைப் பற்றி எழுதிப் பார்த்தேன். விண்ணப்பதாரர் யார்? காசு எதற்கு? எப்படித் திருப்பிக் கட்டுவார்? பிணை என்ன? எங்கே அடிபடும்? இரண்டு பக்கம் வந்தது. கடைசியில் என் கை பழக்கதோசத்தில் 'சிபாரிசு செய்யப்படவில்லை' என்று எழுதியது.

'எதற்கு' என்ற பந்தியிலேயே ஃபைல் விழுந்துவிட்டது. லண்டனில் முதலீட்டு வங்கியில் வேலை எடுப்பது என் நோக்கம் என்று எழுதியிருந்தேன். கிளையில் லீசிங், வீட்டுக் கடன்; தலைமைக் காரியாலயத்தில் கம்பனிக் கடன். இதிலிருந்து அங்கே போவதற்குப் பாலம் எங்கே? எம்.பி.ஏ. முடித்து அந்த வேலைகளுக்குள் நுழைகிறவர்கள் முப்பதை ஒட்டிய ஆட்கள். அவர்களோடு 35 வயதில் நான் போய் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ஸ்லைட் போடப்போகிறேனாம். பள்ளிகள் உங்கள் கனவை மட்டும் பார்ப்பதில்லை. படிப்பு முடிந்ததும் இந்த ஆளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்றும் பார்க்கின்றன, ஏனென்றால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கில்தான் அவர்களுடைய பெயர் நிற்கிறது. ஒருவர் ஆட்டுப்பண்ணைக்குக் கடன் கேட்டு வந்து, திருப்பிக் கட்டும் வழி என்ற இடத்தில் 'லொத்தர்' என்று எழுதினால் எப்படியோ, அப்படித்தான் என் நோக்கமும் இருந்தது.

அடுத்தது, நான் எந்த அடுக்கில் கிடக்கிறேன் என்பது. இதைத்தான் வீதம் கேட்கிற எல்லாருக்கும் முதலில் சொல்ல வேண்டும். ஒரு பள்ளி நூறு பேரில் பதினைந்து பேரை எடுக்கிறது என்பதால் உங்களுக்குப் பதினைந்து வீதம் என்று ஆகாது. எங்கள் கிளையில் பத்து விண்ணப்பத்தில் ஆறு தேறுகிறது என்று வையுங்கள். வருமானத்துக்கு ஒரு துண்டு ஆதாரமும் இல்லாமல் வருகிறவருக்கும் அது அறுபது வீதமா? பெரிய வணிகப் பள்ளி எதுவானாலும் வகுப்பில் நிறைந்திருப்பது நிதித்துறையும் ஆலோசனைத்துறையும்தான். அதிலும் தெற்காசியாவிலிருந்து போகிற நிதித்துறை ஃபைல்கள் குவியும். எனக்குப் போட்டி பிரேசிலின் டொக்டரோ பிரான்சின் கடற்படை அதிகாரியோ இல்லை. மும்பாயில் பன்னாட்டு வங்கியில் இருக்கும் 28 வயதுப் பிள்ளை. அவளிடமும் கணக்கியல் தகைமை உண்டு. அவள் பார்த்த கடன் தொகை என்னுடையதைவிடப் பத்து மடங்கு. நானோ 'இத்தனை பில்லியன் ரூபா கடன் தொகுதியைக் கையாண்டேன்' என்பதைத்தான் பெருமையாக முதல் வரியில் வைத்திருந்தேன். அதை டொலருக்கு மாற்றிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

வயதும் அப்படித்தான். ஹார்வர்டில் எம்.பி.ஏ. வகுப்பின் சராசரி வயது 27. ஐரோப்பாவின் இன்சியாட்டில் 29 அளவில். இவர்கள் யாரும் வயதெல்லை போடுவதில்லை. 35 வயதுக்காரருக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த வயதில் போகிற ஆள், 'இவ்வளவு காலம் கழித்து இப்போது ஏன்?' என்ற கேள்விக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நல்ல பதில் வைத்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு மடங்குகூட இருக்கவில்லை.

இதைவிட வெட்கமான விசயம் ஒன்று. எங்களைப் போன்றவர்களுக்கென்றே வேறு படிப்புகள் இருப்பது எனக்குத் தெரியாது. ஸ்டான்ஃபோர்டில் எம்.எஸ்.எக்ஸ். என்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. குறைந்தது 8 வருட அனுபவம் கேட்கிறார்கள். கையில் வருவது எம்.பி.ஏ. இல்லை, முகாமைத்துவத்தில் முதுவிஞ்ஞானமாணி. பெயர்ப் பித்து உள்ளவர்கள் அதைக் கவனிக்கவும். எம்.ஐ.டி.யின் ஸ்லோன் ஃபெலோஸ் ஒரு வருடம், பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு, அது எம்.பி.ஏ. லண்டன் பிஸ்னஸ் ஸ்கூலின் ஸ்லோன் படிப்பும் நீண்ட அனுபவக்காரருக்குத்தான். இந்தியாவுக்கு வந்தால், அகமதாபாத் ஐ.ஐ.எம். பி.ஜி.பி.எக்ஸ்., பெங்களூர் ஐ.ஐ.எம். ஈ.பி.ஜி.பி., கல்கத்தா ஐ.ஐ.எம். எம்.பி.ஏ.எக்ஸ். என்று ஒரு வருட முழுநேரப் படிப்புகள். இங்கெல்லாம் பத்து வருட அனுபவம் யாரும் புருவம் உயர்த்தாத சாதாரண விசயம். நான் 27 வயதுக்காரரின் வரிசையில் போய் நின்றுகொண்டு, ஏன் எனக்கு டோக்கன் தரவில்லை என்று நின்றிருக்கிறேன்.

சுனாமியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிழக்கிலிருந்து விண்ணப்பிக்கிற எல்லாருடைய கையும் அங்கேதான் போகும். 2004 டிசம்பரில் எனக்கு 16 வயது. கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் கடல் வந்துபோன பிறகு எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை வைத்து முதல் தடவை கட்டுரை எழுதினேன். எழுதும்போது அழுதேன். வாசித்த தோழியும் அழுதாள். பள்ளி அழவில்லை. இப்போது அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்த்தால் நாலில் மூன்று பங்கு எனக்கு நடந்தவை. நான் செய்தது என்று ஒரு வரிதான், அதுவும் 'நான் மனம் தளரவில்லை' என்ற வகை வரி. கடன் ஃபைலிலும் இதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் பட்ட கஷ்டம் இரண்டு பக்கம் இருக்கும். அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறார் என்பது இருக்காது. இரக்கம் வரும், கையெழுத்து வராது. எழுதவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதினால், அதன் பிறகு உங்கள் கை என்ன செய்தது என்பது அதில் இருக்க வேண்டும்.

சரி, அப்போது என் கை செய்தது என்ன? அதற்கான பதில் எனக்குத் தெரியாமலே அந்த வருடம் நடந்துகொண்டிருந்தது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலைக்காரருக்கு இரண்டு பக்கமும் அடி. நெல் குறைவு, விலை கூட; வாங்கிய கடனுக்கு வட்டியும் கூட. எங்கள் கணினியில் கிழக்கின் ஆலைக் கணக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பாகின. தமிழ் தெரிந்த ஆள் என்று என்னைத்தான் பார்த்துவரச் சொன்னார்கள். டீசல் இல்லாத காலம். கல்லடியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்முனை, அங்கிருந்து சம்மாந்துறை.

ஒரு ஹாஜியாருடைய ஆலை. அவித்த நெல் வாசம் வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். சீமெந்துக் களத்தில் பாதிதான் நெல் காய்ந்தது. மறுபாதி வெறுமையாகக் கிடந்து சூடேறியது. நான் தவணை பிந்தியதைச் சொல்ல, அவர் பேசாமல் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய மட்டைக் கலண்டரைக் கழற்றி என் முன்னால் கவிழ்த்து வைத்தார். பின்பக்கத்தில் பென்சிலால் பன்னிரண்டு மாதமும் கோடு போட்டிருந்தது. மாசி, பங்குனிக்கு நேரே 'நெல்லு'. ஆவணி, புரட்டாதிக்கு நேரே மறுபடி 'நெல்லு'. இடையில் சில மாதங்களுக்கு நேரே கொழும்புப் புறக்கோட்டை வியாபாரிகளின் பெயரும் தொகையும்.

"இஞ்ச பாருங்க மகள். நெல்லு வாங்குற மாசத்தில நீங்க தவணை கேக்கிறீங்க. நான் நெல்ல வாங்குறதா, உங்களுக்குக் கட்டுறதா? நெல்ல வாங்காட்டி அடுத்த மாசம் எதக் கட்டுற?"

ஐந்து வருடம் கிளையில் இருந்தவள் நான். பெரும்போகம் எப்போது, சிறுபோகம் எப்போது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் எங்கள் கணினிக்கு மாதத் தவணைதான் தெரியும் என்பதால் நானும் அதையே எழுதிக்கொண்டிருந்தேன். கலண்டரின் முதுகைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அறுவடை மாதங்களில் வட்டி மட்டும், புறக்கோட்டையிலிருந்து காசு வருகிற மாதங்களில் பெரிய தவணை என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். வங்கியின் கடன் குழு ஒருமுறை நிராகரித்தது. இரண்டாம் முறை பதினொரு ஆலைகளுக்கு மட்டும் சோதனையாகச் செய்து பார்க்கச் சொன்னது. ஒரு வருடத்தில் எட்டு ஆலைகள் ஒழுங்காகக் கட்டின. இரண்டுக்கு மறுபடியும் திருத்தம் தேவைப்பட்டது. ஒன்று சட்டப் பிரிவுக்குப் போனது.

இந்தக் கதையை விண்ணப்பத்தில் போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்பாறை அரிசி ஆலை ஒரு கதையா என்றுதான் நினைத்தேன். மேலதிகாரி ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில், "நீ செய்ததிலேயே வேறு யாரும் செய்யாதது அது ஒன்றுதானே?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. மும்பாய்ப் பிள்ளையின் ஃபைலில் இருக்க முடியாதது அந்தக் கலண்டர்.

2023இல் இரண்டாவது சுற்று. நோக்கத்தைச் சுருக்கினேன்: போகத்தோடு ஓடுகிற சிறு, நடுத்தர வியாபாரக் கடனை ஒரு தனிப் பிரிவாக நடத்த வேண்டும்; அதற்கு எனக்கு இல்லாதது வியூகமும் ஆட்களை நடத்துகிற பயிற்சியும். அவ்வளவுதான். லண்டன் போய்விட்டது. இதை எழுதியபோது சின்னதாகப் போனது போலிருந்தது. வாசித்தவர்களுக்கோ அப்போதுதான் நான் யார் என்று விளங்கியது.

சிபாரிசுக் கடிதத்தில் முதல் தடவை நான் விட்ட பிழையை எங்கள் நாட்டில் எல்லாரும் விடுகிறார்கள். ஆக உயர்ந்த கதிரையில் இருந்தவரிடம் போனேன். "நீங்களே எழுதிக்கொண்டு வாங்க, நான் ஒப்பம் வைக்கிறன்" என்றார். நானும் எழுதினேன். என்னை நானே புகழ்ந்தது எப்படி இருந்திருக்கும்! விடாமுயற்சி, நேர்மை, தலைமைத்துவம். பல பள்ளிகள் பொதுவாகப் பயன்படுத்துகிற படிவம் கேட்பது வேறு. இதே பொறுப்பில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி? நீங்கள் இவருக்குச் சொன்ன முக்கியமான திருத்தம் எது, அதை எப்படி எடுத்துக்கொண்டார்? இந்த இரண்டாவது கேள்விக்கு உங்களோடு தினமும் மல்லுக்கட்டுகிற ஆள்தான் பதில் எழுத முடியும். இரண்டாம் தடவை என் நேரடி மேலதிகாரியிடம் கேட்டேன், அதே மதியச் சாப்பாட்டுக்காரர். கடிதத்தை அவர் எனக்குக் காட்டவில்லை. குழு நிராகரித்த அன்று நான் கூட்டத்தில் குரலை உயர்த்தியதையும், பிறகு ஒரு வாரம் கழித்து எண்களோடு வந்ததையும் எழுதியிருந்தார் என்பது நேர்முகத்தில் அவர்கள் கேட்டபோதுதான் தெரிந்தது. வேர்த்துவிட்டது எனக்கு.

பரீட்சை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 640இலிருந்து 700க்கு ஏற்றினேன். நாலு மாதம், விடிய ஐந்து மணிக்கு, வெள்ளவத்தை அனெக்ஸ் அறையில். நிதிக்காரர் எல்லாருக்கும் கணிதப் பகுதி கைக்குள் என்ற நினைப்பு இருக்கும். எக்செல் பழகிய மூளைக்கு 17ஐ 24ஆல் பெருக்கக்கூட வராது என்பது முதல் மாதிரிப் பரீட்சையில் தெரியும். கணிதப் பகுதியில் கல்குலேட்டர் கிடையாது. நான் எழுதியது பழைய ஜிமேட். 2024 பெப்ரவரியிலிருந்து இருப்பது புதிய வடிவம் மட்டும்: கணிதம், மொழி, தரவு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம், புள்ளி 205இலிருந்து 805 வரை. தரவுப் பகுதியில் மட்டும் திரையில் கல்குலேட்டர் உண்டு. புதிய 645தான் பழைய 700க்கு நேர். இது தெரியாமல் 645 எடுத்துவிட்டுத் தலையில் கைவைத்த ஒருவரை எனக்குத் தெரியும். பெறுபேறு ஐந்து வருடம் செல்லும். வெளிநாட்டார் பெயர் கேள்விப்படாத பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு இந்தப் புள்ளிதான் பிணை மாதிரி. வந்தாறுமூலையில் நான் எடுத்த தரத்தை எடைபோட அவர்களிடம் தராசு இல்லை, இதற்கு இருக்கிறது. ஆனால் பிணை நல்லது என்பதற்காக யாரும் கடன் கொடுப்பதில்லை. 760 எடுத்து எல்லா இடமும் விழுந்தவர்களும் இருக்கிறார்கள்.

பட்டம் இல்லாமல் சீமாவோ சி.ஏ.யோ மட்டும் வைத்திருப்பவர்கள் நம்மிடம் நிறையப் பேர். அனேகமான பள்ளிகள் இளமாணிப் பட்டம் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளிக்கு நேரே எழுதிக் கேளுங்கள்.

இந்த முறை மூன்று இடம். ஒன்று கூப்பிடவில்லை. ஐரோப்பாவில் ஒன்று, இந்தியாவில் ஒன்று, இரண்டும் கூப்பிட்டன. நேர்முகத்தில் ஒழுங்காகக் கட்டிய எட்டு ஆலைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சட்டப் பிரிவுக்குப் போன அந்த ஒன்றைத்தான் இரண்டு இடத்திலும் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் திட்டம் பிழையா, ஆள் பிழையா? எப்போது தெரிந்தது? தெரிந்த பிறகு எவ்வளவு நாள் சும்மா இருந்தீர்கள்? ஆறு கிழமை சும்மா இருந்தேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். என் திட்டம் தோற்றதாகிவிடும் என்ற பயத்தில் என்றேன். அறையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

இரண்டு இடமும் எடுத்தன.

இனித்தான் என் பழைய முகாமையாளரின் கேள்வி: வீட்டில கேட்டாச்சா? ஐரோப்பியப் பள்ளியின் கட்டணம் மட்டும் ஒரு இலட்சம் யூரோவை ஒட்டி. அன்றைய விலைக்கு எங்கள் காசில் மூன்று கோடிக்கு மேல், சாப்பாடு வாடகை வேறு. நெருக்கடிக்கு முன் இதே படிப்பு இரண்டேகால் கோடியில் முடிந்திருக்கும். இந்தியப் படிப்பு 30 இலட்சம் இந்திய ரூபாவைத் தாண்டியது. எங்கள் காசில் ஒரு கோடியும் சொச்சமும். என் சேமிப்பும் என் கணவருடைய சேமிப்பும் சேர்ந்து அதில் பாதிக்குக் கிட்ட. ஐரோப்பா போவதென்றால் ஒரே வழி, கல்லடி வீட்டை ஈடு வைப்பது.

மட்டக்களப்பில் வீடு யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். பெண்பிள்ளைக்கு. அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்த சீதன வீடு. சுனாமிக்குப் பிறகு திருத்திக் கட்டி எனக்கு எழுதியது. நாளைக்கு என் மகளுக்கு. உறுதி அம்மாவின் அலுமாரியில், கூறைச் சேலைக்குக் கீழே. கணக்கை எல்லாம் தாளில் போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். படிப்பு முடிந்ததும் இந்தச் சம்பளம், இத்தனை வருடத்தில் கட்டி முடியும் என்று. அம்மா தாளைப் பார்க்கவே இல்லை.

"மனே, நீதானே மத்த ஆக்கள்ற வீட்டுக்கு ஏல நோட்டீஸ் எழுதினவள்?"

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் எனக்கு மனப்பாடம். அதன் கீழ் வங்கி நீதிமன்றப் படி ஏறாமலே ஈடு வைத்த வீட்டை ஏலத்தில் போடலாம். அப்படிப் போன வீடுகளின் ஃபைலில் என் எழுத்தும் இருக்கிறது. அந்த ஃபைல்களிலும் முதல் பக்கத்தில் இதே மாதிரி ஒரு அழகான கணக்கு இருக்கும்.

இந்தியா போனேன். மாமா ஒருவர் வட்டியில்லாமல் கொஞ்சம் தந்தார், வங்கி சம்பளமில்லா லீவு தந்தது. வகுப்பில் வயது கூடியவர்களில் ஒருத்தியாகத்தான் இருந்தேன், ஆனால் அக்கா என்று யாரும் ஒதுங்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: ஒரு வருடப் படிப்புகளில் பெரும்பாலும் இடையில் பயிலுநர் வேலைக்குப் போக நேரம் இருக்காது. துறையையே மாற்ற வந்தவர்கள் அங்கே திண்டாடினார்கள். துறை மாற்றம்தான் நோக்கம் என்றால் இரண்டு வருடப் படிப்பு வசதி. ஆனால் அது வயது குறைந்தவர்களின் இடம். இந்த முடிச்சை அவரவர்தான் அவிழ்க்க வேண்டும். சம்பளம் மூன்று மடங்கு ஆனதா என்று கேட்பவர்களுக்கு, இல்லை. வேலை மாறியது.

இனித் தம்பியின் ஃபைல். வீதம் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரு கிழமையில் வந்தது. பதின்மூன்று வருடமும் காப்புறுதிக் கம்பனிகளில் நிதிப் பக்கம். எண்கள் சுத்தம், ஒரு பிழை இல்லை. நாலு பெரிய பெயர் எழுதியிருந்தான். நாலும் இரண்டு வருடப் படிப்பு. அதை முதலில் வெட்டினேன். 37 வயதில், குடும்பத்தை விட்டு, இரண்டு வருடம் சம்பளமில்லாமல், 27 வயதுக்காரரோடு ஏன் இருக்கப்போகிறாய் என்று கேட்டேன். "பெயருக்காகத்தான் அக்கா" என்றான். உண்மையைச் சொன்னதற்கு அவனுக்கு ஒரு புள்ளி.

அனுபவக்காரருக்கான படிப்புகளில் அவனுக்கு இடமிருக்கிறது. ஆனால் அங்கே பதின்மூன்று வருடம் என்ற எண்ணைப் பார்க்க மாட்டார்கள். அதற்குள் எத்தனை பேரை நடத்தினாய், எதை முடிவெடுத்தாய் என்று பார்ப்பார்கள். அவனுக்குக் கீழே இரண்டு பேர்தான். அதுவும் போன வருடம்தான். பதின்மூன்று வருடத்தில் ஏழு வருடம் ஒரே வேலையை ஏழு தடவை செய்ததுதான் என்று நான் எழுதியபோது கோபித்துக்கொண்டான். இரண்டு நாள் பதில் இல்லை. சி.எஃப்.ஏ. மூன்றாம் நிலையை முதலில் முடிக்கவா என்று மறுபடி கேட்டான். வேண்டாம் என்றேன். நிதி தெரிந்தவன் என்று காட்ட அவனிடம் ஏற்கெனவே மூன்று சான்று இருக்கிறது. நாலாவது எந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்? அந்த நேரத்துக்குக் கம்பனியில் ஒரு சின்னக் குழுவைக் கேட்டு வாங்கி நடத்து, ஜிமேட்டை எழுது, அடுத்த வருடம் விண்ணப்பத்தின் முதலாம் சுற்றில் போடு. முதலாம் சுற்றில் இடமும் இருக்கும், புலமைப்பரிசில் காசும் மிச்சமிருக்கும்.

கடைசியாகப் பிணையைக் கேட்டேன். காசுக்கு என்ன வழி, கல்முனை வீட்டை ஈடு வைக்கிற யோசனையா?

"அக்கா, நல்லாக் கேட்டீங்க. எனக்கு ஏது வீடு? அது தங்கச்சிக்கு எழுதியாச்சே."

இரண்டு பேரும் நல்லாகச் சிரித்தோம். பிறகு அவனாகவே, அடுத்த மாதம் லீவில் வருவதாகவும், வரும்போது கம்பனியில் சம்பளமில்லா லீவு தருவார்களா என்று கேட்டுக்கொண்டு வருவதாகவும் சொன்னான். குழுவைப் பற்றி மேலாளரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டானாம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.